ஐம்பத்தோரு லட்சத்துப் பத்தொன்பதாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்று

"வலது காலைக் கொஞ்சம் தூக்குங்க மேடம்" என்றார் மயக்க டாக்டர். தூக்கினேன். தூக்கிவிட்டதாகத்தான் நினைத்தேன். "தூக்க முடியலைல்லா? அப்ப சரி" என்று அவர் சொன்ன பிறகுதான் கால் மேசையிலேயே கிடக்கிறது என்று தெரிந்தது. அப்படியானால் நான் தூக்கியது எதை. முதுகில் ஊசி இறங்கியதும் ஒரு வெதுவெதுப்பு இடுப்பிலிருந்து பாதம் வரை ஓடியது, மத்தியானம் மொட்டைமாடித் தொட்டிக் குழாயைத் திறந்தால் முதலில் வருமே அந்தத் தண்ணீர் மாதிரி. பிறகு அதுவும் இல்லை. ஸ்பிரிட் நனைத்த பஞ்சைத் தோளில் வைத்து "சில்லுனு இருக்கா?" என்றார், இருந்தது. வயிற்றில் வைத்து "இப்ப?" என்றார், வைத்ததே தெரியவில்லை. "நல்லா மரத்துப்போச்சு. இனிமே வலி ஒண்ணும் தெரியாது. ஆனா முழிச்சுக்கிட்டுதான் இருப்பீங்க, நாம பேசிக்கிட்டே இருப்போம் என்ன?" பேச என்னிடம் ஒன்றும் இல்லை. மரத்துப்போவது எப்படி என்று இவர் எனக்குச் சொல்லித்தர வேண்டியதும் இல்லை. முதல் பிரசவத்துக்குப் பிறகு இடுப்புக்கு மேலேயும் அப்படித்தான் இருக்கிறேன், கை வேலை செய்யும், வாய் பாடம் நடத்தும், சோறு இறங்கும், யாரும் பஞ்சை வைத்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். இரண்டு கைகளையும் விரித்துப் பலகைகளில் வைத்திருக்கிறார்கள். இடது கையில் சுற்றிய பட்டை தானாக இறுகுகிறது, தானாக விடுகிறது. நெஞ்சுக்கு முன்னால் பச்சைத் துணியை உயர்த்திக் கட்டிவிட்டார்கள். அந்தப் பக்கம் பாதி நான், இந்தப் பக்கம் பாதி நான். அந்தப் பாதியில்தான் குழந்தை இருக்கிறது. குழந்தை என்று சொல்லக் கூடாது. இத்தனை மாதம் மனசுக்குள்கூடச் சொல்லவில்லை, இப்போது ஏன் சொன்னேன்.

தலைக்கு மேல் பெரிய விளக்கு. அதன் விளிம்பு, துலக்கி வைத்த எவர்சில்வர் சட்டி மாதிரி பளபளக்கிறது. அதில் பச்சையாக ஏதோ தெரிகிறது, பச்சைக்கு நடுவில் சிவப்பாக ஏதோ அசைகிறது, இரண்டு கைகள் வந்து போகின்றன. அது என்ன என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. என் வயிறு. துணி கட்டி மறைத்தவர்கள் விளக்கை யோசிக்கவில்லை. கண்ணை மூடிக்கொள்ளலாம், ஆனால் மூடினால் அந்த ஸ்கேன் அறை வரும், மூடக் கூடாது. பார்வையைக் கொஞ்சம் மேலே நகர்த்தினேன். விளக்கைத் தாங்குகிற இரும்புக் கையில் ஒரு சின்னத் தகடு, எழுத்தெல்லாம் அழிந்துபோய் எண் மட்டும் மிச்சம். 5119191. ஐம்பத்தோரு லட்சத்துப் பத்தொன்பதாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்று. நல்ல நீளமான எண். கொஞ்ச நேரம் தாங்கும். பஸ்ஸில் உட்கார்ந்தால் முன்னால் போகிற லாரியின் எண்ணை உடைத்துப் பார்க்கிற பழக்கம் பள்ளிக்கூட நாளிலிருந்தே உண்டு, எந்த எண்ணும் உள்ளே சின்னச் சின்ன எண்களால் கட்டினதுதான், கட்டின விதம் தெரிந்துவிட்டால் அது பெரிதாக இருப்பதில் பயம் ஒன்றும் இல்லை. "ஆவுடை, ஆரம்பிச்சிட்டோம்மா. நல்லாருக்கீங்கல்ல?" என்று துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து டாக்டர் ஹமீதாவின் குரல். "நல்லாருக்கேன் டாக்டர்." கடைசி இலக்கம் ஒன்று, ஆகவே ஒற்றைப்படை, இரண்டு போகாது, ஐந்து போகாது. இலக்கங்களைக் கூட்டு. ஐந்தும் ஒன்றும் ஆறு, ஒன்று ஏழு, ஒன்பது பதினாறு, ஒன்று பதினேழு, ஒன்பது இருபத்தாறு, ஒன்று இருபத்தேழு. மூன்று போகும், ஒன்பதும் போகும். பகா எண் இல்லை என்று அதோடு தீர்ந்தது. தன்னையும் ஒன்றையும் தவிர எவருக்கும் பிரிந்து கொடுக்காத எண்தான் பகா எண் என்று வகுப்பில் சொன்னால், பின் பெஞ்சுப் பிள்ளைகள் "எங்க ஹாஸ்டல் வார்டன் மாதிரி மேடம்" என்பார்கள். ஒன்பதால் வகுத்தால் ஐந்து லட்சத்து அறுபத்தெட்டாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பது. ஏதோ கருகுகிற வாசம் வருகிறது. அடுப்பில் முடி விழுந்த வாசம். அது என்னிடமிருந்துதான் வருகிறது என்பது தெரியும், ஆனால் பக்கத்து வீட்டிலிருந்து வருகிற மாதிரி இருக்கிறது.

"என்ன ஒரே யோசனை? என்ன வேலை பாக்கீங்க மேடம்?" மயக்க டாக்டர் என் தலைமாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். பெயர் ரெக்ஸ் என்று உள்ளே வரும்போது சொன்னார். முகம் தலைகீழாகத் தெரிகிறது, முகமூடிக்கு மேல் இருக்கிற கண்கள் வாய் மாதிரியும் புருவம் மீசை மாதிரியும். "காலேஜ்ல டாக்டர். கணக்கு." "கணக்கா! எனக்குக் கணக்குன்னாலே மயக்கம் வரும், அதான் மயக்க டாக்டர் ஆயிட்டேன்." அந்தப் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள், ரொம்ப நாளாகச் சொல்லிவருகிற பகிடி போலிருக்கிறது. நானும் சிரித்தேன். கன்னம் அசைந்தது தெரிந்தது. "கணக்குல என்ன நடத்துவீங்க?" "எண்களப் பத்தி." "எண்களப் பத்தி என்ன இருக்கு நடத்த? ஒண்ணு ரெண்டு மூணுதான?" இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். எண்களுக்கும் குணம் உண்டு டாக்டர். ஒரு எண்ணை மிச்சமில்லாமல் வகுக்கிற சின்ன எண்களையெல்லாம் கூட்டிப் பாருங்கள், ஆறுக்கு ஒன்று, இரண்டு, மூன்று, கூட்டினால் ஆறேதான் வரும், அது நிறைவெண். பன்னிரண்டுக்குக் கூட்டினால் பதினாறு வந்துவிடும், அது மிகைவெண். எட்டுக்கு ஒன்று, இரண்டு, நான்கு, கூட்டினால் ஏழுதான், ஒன்று குறைகிறது, அதனால் அதற்குப் பெயர். சொல்லவில்லை. அந்தப் பெயரைப் போன வருஷம் வகுப்பில் சொல்ல முடியவில்லை. பலகையில் எட்டு என்று எழுதிவிட்டுத் திரும்பி நின்றேன், சாக்பீஸ் கையில் இருக்கிறது, முன்வரிசையில் ஜெனிபா என்கிற பிள்ளை "மேடம், எட்டு என்ன மேடம்?" என்கிறது. குறைவெண் என்று சொன்னால் தீர்ந்தது. நாக்கு எழும்பவில்லை. "நீங்களே படிச்சிட்டு வாங்க" என்று சொல்லி மணி அடிக்கும் முன்னே வெளியே வந்துவிட்டேன். ஒரு குறையும் இல்ல. முதல் தடவை ஒவ்வொரு ஸ்கேனிலும் அதைத்தான் சொன்னார்கள். தலை சரியா இருக்கு, நெஞ்சுத் துடிப்பு சரியா இருக்கு, தண்ணி சரியா இருக்கு, ஒரு குறையும் இல்ல. அவரும் வீட்டுக்கு வருகிற வழியில் ஸ்கூட்டரில் அதையே திருப்பித் திருப்பிச் சொல்லுவார், ஒரு குறையும் இல்லையாம் ஆவுடை, ஒரு குறையும் இல்லையாம், மேம்பாலத்துக் காற்றில் பாதிச் சொல் கேட்காது. போதும். ஏழுக்குப் போ. ஏழு எட்டு ஐம்பத்தாறு, மேலே எட்டு, ஒரு தடவை, மிச்சம் ஒன்று, பதினேழு, இரண்டு தடவை, மிச்சம் மூன்று, முப்பத்தொன்பது, ஐந்து தடவை, மிச்சம் நான்கு, நாற்பத்தொன்பது, ஏழு தடவை, மிச்சமில்லை. எண்பத்தோராயிரத்து இருநூற்று ஐம்பத்தேழு. மிச்சமில்லாமல் போகும்போது ஒரு நிம்மதி வரும் எப்போதும், பூட்டுக்குள் சாவி திரும்புகிற மாதிரி. இப்போது சாவி திரும்பியது தெரிந்தது, நிம்மதி வரவில்லை.

யாரோ என்னை ஆட்டுகிறார்கள். வலி இல்லை, உடம்பு மட்டும் இங்கும் அங்கும் நகர்கிறது, நெரிசல் பஸ்ஸில் நிற்கிற மாதிரி. வெளியே அவர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். உட்கார்ந்திருக்க மாட்டார், நடந்துகொண்டிருப்பார். குருநாதன் என்று பெயர், அலுவலகத்தில் எல்லோரும் குரு சார் என்பார்கள், அதிர்ந்து பேசத் தெரியாது. இந்தத் தடவை நாள் தள்ளிப்போனதும் நான் சொன்னது ஒன்றுதான், யாருக்கும் சொல்ல வேண்டாம், எதுவும் வாங்க வேண்டாம். "சரி" என்றார். வளைகாப்பு வேண்டாம். "சரி." பெயர் யோசிக்க வேண்டாம். அதற்கு மட்டும் கொஞ்சம் தயங்கி "சரி" என்றார். ஒருநாள் ஜங்ஷனில் குழந்தைத் துணிக் கடை முன்னால் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டார், காலை ஊன்றிக்கொண்டு முன்பக்கம் பார்த்தபடியே "ஒரே ஒரு சட்டை ஆவுடை. சின்னதா" என்றார். "வேண்டாம்." "பஞ்சு மாதிரி இருக்கு பாரேன்." "வண்டிய எடுங்க." எடுத்தார். வீட்டில் போன தடவை வாங்கினதெல்லாம் இருந்தது, தொட்டில் துணி, மஞ்சள் தொப்பி, கிலுகிலுப்பை, நான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வருவதற்குள் அவை எங்கே போயின என்று எனக்குத் தெரியாது, நானும் கேட்கவில்லை. அன்றைக்கு அவர் ஆற்றங்கரையிலிருந்து வந்தார். புதைத்துவிட்டுக் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று "சாப்பிட்டியா?" என்றார். "ம்" என்றேன். அத்தை என் தோளைப் பிடித்து உலுக்கி, "அழுதுரும்மா ஆவுடை, உள்ளேயே கட்டி வச்சிக்கிட்டுக் கெடக்காத, அழுதுரு" என்று அவள்தான் அழுதாள். எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு வரவில்லை. வரவில்லை என்றால் என்ன செய்ய. அடுத்த மாதமே வகுப்புக்குப் போனேன், சாக்கடை வாரியங்கால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் தெருவுக்கு வரும், எனக்கு எந்தப் பக்கமும் வரவில்லை, தண்ணீரே இல்லையோ என்னவோ. பதினொன்றுக்குப் போ. ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழி. எட்டும் இரண்டும் ஏழும் பதினேழு, ஒன்றும் ஐந்தும் ஆறு, வித்தியாசம் பதினொன்று, ஆகவே போகும். ஏழாயிரத்து முந்நூற்று எண்பத்தேழு. அப்படியானால் ஒன்பது, ஏழு, பதினொன்று, பிறகு இந்த ஏழாயிரத்து முந்நூற்று எண்பத்தேழு. இது உடையுமா, உடையாதா.

"பிரஷர் நல்லாருக்கு. குமட்டுதா?" "இல்ல டாக்டர்." மூன்று போகாது. ஏழு போகாது, இரண்டு மிஞ்சும். பதினொன்று போகாது. பதின்மூன்று, மிச்சம் மூன்று. பதினேழு, மிச்சம் ஒன்பது. எண்பத்தைந்து வரைக்கும் இருக்கிற பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும், அதற்குள் எதற்கும் மசியவில்லை என்றால் இதுவும் பகா எண். பத்தொன்பதும் போகாது. இருபத்து மூன்றுக்கு நான்கு மிச்சம். இருபத்தொன்பது. முப்பத்தொன்று. முப்பத்தேழு. முப்பத்தேழு. போன தடவை, முப்பத்தேழாவது வாரம் என்று எழுதியிருந்தது அந்தச் செக்கப் அட்டையில். காலையில் குளிக்கும்போது அசைவு இல்லாத மாதிரி இருந்தது, பழச்சாறு குடித்துவிட்டு இடது பக்கம் சாய்ந்து படு, அசையும் என்றார்கள், குடித்தேன், படுத்தேன், பிறகு போனோம். வயிற்றில் அந்தப் பசையைத் தடவினார்கள், குளிர்ந்தது. கருவியை வைத்து அந்த ஸ்கேன் டாக்டர் இந்தப் பக்கம் தேடினார், அந்தப் பக்கம் தேடினார். வழக்கமாகத் திரையை என் பக்கம் திருப்பி, பாருங்க மூக்கு, பாருங்க விரல் என்பார். அன்றைக்குத் திரையை மெதுவாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். சத்தத்தை வைக்கவில்லை. குதிரை ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் வருமே, அந்த அறையில் அது எப்போதும் இருக்கும், அன்றைக்கு மின்விசிறி மட்டும். "வீட்டுக்காரர் வெளிய இருக்காரா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். முப்பத்தேழு, நூற்றுத் தொண்ணூற்றொன்பது தடவை, ஏழாயிரத்து முந்நூற்று அறுபத்து மூன்று, மிச்சம் இருபத்து நான்கு. போகவில்லை. அடுத்ததுக்குப் போக வேண்டியதுதானே. ஒருவேளை தப்பாக வகுத்துவிட்டேனோ. முப்பத்தேழை இருநூறால் பெருக்கினால் ஏழாயிரத்து நானூறு, அது தாண்டிவிடுகிறது, ஒன்று குறை, ஏழாயிரத்து முந்நூற்று அறுபத்து மூன்று, மிச்சம் இருபத்து நான்கு. வீட்டுக்காரர் வெளிய இருக்காரா. இருக்கார் டாக்டர், வெளியதான் இருக்கார், இன்றைக்கும் வெளியேதான் இருக்கார். முப்பத்தேழு, நூற்றுத் தொண்ணூற்றொன்பது தடவை. இந்த எண்ணைத் தாண்ட முடியவில்லை. ஒன்று குறை, ஒன்று குறை. இன்றைக்கு இங்கே எந்தத் திரையும் என் கண்ணுக்குத் தெரியவில்லை, எந்தச் சத்தமும் வைக்கவில்லை, உள்ளே வரும்முன் பார்த்தார்கள், நல்லாருக்கு என்றார்கள், அது உள்ளே வரும்முன், இப்போது என்ன நிலவரம் என்று இவர்களில் யாருக்குத் தெரியும். டாக்டர் ஹமீதா பேசுவதை நிறுத்தி எவ்வளவு நேரமாயிற்று. ஏன் பேசவில்லை. கேட்கலாம். கேட்டால் பதில் வந்துவிடும்.

"மேடம், இப்பக் கொஞ்சம் அமுக்குவோம். மூச்சு முட்டுற மாதிரி இருக்கும், பயப்படாதீங்க." யாரோ மேசையில் ஏறி என் நெஞ்சுக்குக் கீழே இரண்டு கையையும் ஊன்றினார்கள். ஒரு பாரம். வலியில்லாத பாரம், அரிசி மூட்டையை எறிந்த மாதிரி. மூச்சு மேலேயே நின்றது. விளக்கின் விளிம்பில் சிவப்பு அகலமாயிற்று. எண்ணைப் பார். எண்ணை மட்டும் பார். அப்போதுதான் அது தெரிந்தது, வகுக்கவே வேண்டாம். எண்பத்தாறை எண்பத்தாறால் பெருக்கினால் ஏழாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றாறு. அதற்கு இது ஒன்பது கம்மி. ஒன்பது என்பது மூன்றின் வர்க்கம். இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம், ஆகவே எண்பத்தாறில் மூன்றைக் கழி, மூன்றைக் கூட்டு, எண்பத்து மூன்று, எண்பத்தொன்பது, இரண்டும் பகா எண். உடைந்துவிட்டது. இவ்வளவு நேரம் கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன், ஜன்னல் திறந்தே கிடந்திருக்கிறது. "எண்பத்தாறு" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. "என்னது மேடம்? பிரஷரா? எண்பத்தாறு இல்ல, நூத்திப்பத்து இருக்கு, அருமையா இருக்கு" என்றார் டாக்டர் ரெக்ஸ். நான் அவருக்குப் பதில் சொல்லும் முன் பாரம் சட்டென்று விலகியது. வயிற்றிலிருந்து எதையோ உருவி எடுத்தார்கள், பீரோவின் இழுப்பறையை இழுக்கிற மாதிரி, இழுப்பறை வெளியே வந்துவிட்டது, பீரோ லேசாக நின்றது. "எடுத்தாச்சு" என்றார் டாக்டர் ஹமீதா. என்ன எடுத்தாச்சு என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு சத்தம் இல்லை. சத்தம் இல்லை என்றால் மற்ற சத்தமெல்லாம் இருந்தது, பாத்திரத்தில் ஏதோ போட்ட சத்தம், செருப்புச் சத்தம், தண்ணீர் உறிஞ்சுகிற மாதிரி ஒரு குழாய்ச் சத்தம், மூலையில் இருக்கிற மேசைக்கு இரண்டு பேர் வேகமாகப் போனார்கள். "ஸ்டெல்லா, துடைங்க, நல்லாத் துடைங்க" என்று ஒரு புதுக் குரல். டாக்டர் ரெக்ஸின் தலைகீழ் முகம் அந்த மூலைப் பக்கம் திரும்பியது. அவர் என்னிடம் பேசவில்லை. பேசிக்கிட்டே இருப்போம் என்று சொன்ன மனிதர். வகைப்படுத்து, இனி அது ஒன்றுதான் பாக்கி, இந்த எண் நிறைவா, மிகையா, மற்றதா. காரணிகளைக் கூட்டு, இந்தத் தடவை அந்த எண்ணையும் சேர்த்து. ஒன்பதுக்குப் பதின்மூன்று, ஏழுக்கு எட்டு, பதினொன்றுக்குப் பன்னிரண்டு, பெருக்கிக்கொண்டே போக வேண்டும். ஒன்பதில் பதின்மூன்று என்றால் ஏறக்குறைய ஒன்றரை, ஏழில் எட்டு, பதினொன்றில் பன்னிரண்டு, ஒன்றே முக்காலைத் தாண்டிவிட்டது, இரண்டு மடங்கைத் தொட்டால் நிறைவு, மிச்சம் இருக்கிற இரண்டும் பெரிய எண்கள், அவற்றால் ஏறாது. ஏறவில்லை. இரண்டைத் தொடாது. தொடவே தொடாது. ஆகவே இது. இதைச் சொல்லிவிடு ஆவுடை, மனசுக்குள்தானே, யார் கேட்கப் போகிறார்கள், எண்ணிலே பெரும்பாலான எண் அப்படித்தான், நிறைவு என்பது லட்சத்துக்குள் நான்கே நான்குதான், குறைவெண். குறைவெண். சொல்லியாயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. குழாய்ச் சத்தம் நின்றது. யாரோ எதையோ சுண்டுகிறார்கள், விரலால் சுண்டுகிற சத்தம், ஒரு தடவை, இன்னொரு தடவை. "டாக்டர்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "டாக்டர், அழல." டாக்டர் ரெக்ஸ் குனிந்தார். "பொறுங்க மேடம்" என்றார். அவர் கை என் நெற்றிமேல் இருந்தது, எப்போது வைத்தார் என்று தெரியவில்லை. பொறுத்தேன். எனக்குத் தெரிந்த காரியம் அது ஒன்றுதான்.

பிறகு ஒரு இருமல். பூனைக்குட்டி தும்முகிற மாதிரி. பிறகு ஒரு கிறீச்சல், பாதியில் அறுந்தது. பிறகு முழுசாக வந்தது. கோபமான அழுகை, யாரோ தூக்கத்தில் எழுப்பிவிட்ட மாதிரி, நிறுத்தாமல், மூச்சு இழுக்கும்போதுகூட இரைச்சல். அறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். "என்ன தொண்டை, என்ன தொண்டை" என்றார் டாக்டர் ரெக்ஸ். "கணக்கு டீச்சர் பிள்ளைல்லா, வகுப்பெடுக்க ஆரம்பிச்சிட்டு." துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து டாக்டர் ஹமீதா, "ஆவுடை, கேக்குதாம்மா? கொஞ்சம் தண்ணி குடிச்சிருந்தது, உறிஞ்சி எடுத்தாச்சு. நல்லாருக்கு" என்றார். கேட்கிறது என்றேன். கேட்டது. கேட்டது என்பது மட்டும்தான், அதற்கு மேல் எனக்குள் எதுவும் ஏறி வரவில்லை, அழுகை காதுவரை வந்து அங்கேயே நின்றது. எங்கேயோ ஒரு குழந்தை அழுகிறது. யாருடையதோ. இப்படித் தோன்றுவது சரியில்லை என்று தெரிந்தது, தெரிந்ததும் காது வரைக்கும்தான். சிஸ்டர் ஸ்டெல்லா வெளியே போய்க் கதவுப் பக்கத்தில் யாரிடமோ பேசிவிட்டு வந்தாள். "மேடம், துணி எதுவும் கொண்டு வரலேன்னு கேஸ் ஷீட்ல எழுதிருந்துச்சு. நான் ஆஸ்பத்திரித் துணிய எடுக்கப் போனேன். உங்க சார் ஓடிப்போயி வண்டி டிக்கியிலேர்ந்து ஒரு பையக் கொண்டாந்து தாராரு. எல்லாம் துவைச்சு மடிச்சு வச்சிருக்கு. இதப் பாருங்க தொப்பிய." மஞ்சள் தொப்பி. நூல் பின்னல், உச்சியில் ஒரு குஞ்சம். போன தடவை வாங்கினது. நான் வேண்டாம் வேண்டாம் என்று சொன்ன மாதமெல்லாம் இவர் இதை எங்கே துவைத்தார், எங்கே காயப்போட்டார். ஒரு கொடியும் என் கண்ணில் படவில்லையே. சரி, சரி, சரி என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டின மனிதர்.

அவள் குழந்தையைத் துணியில் சுற்றாமல் அப்படியே இரண்டு கையாலும் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடித்தாள். செக்கச்செவேலென்று, வழுவழுவென்று, முகத்தைச் சுருக்கிக்கொண்டு. "பாத்துச் சொல்லுங்க மேடம், என்ன பிள்ளைன்னு. நீங்க வாயால சொல்லணும், இங்க அதான் வழக்கம்." பார்த்தேன். தெரிந்தது. ஒரு வார்த்தைதான், சின்ன வார்த்தை, ஆனால் அதைச் சொன்னால் அப்புறம் சொல்லாத மாதிரி இருக்க முடியாது. "மேடம்?" "சொல்லுதேன்." "சொல்லுங்க." "பொண்ணு" என்றேன். "சத்தமா." "பொம்பளப் பிள்ள." என் குரல் கேட்டதும் அழுகை ஒரு நொடி நின்றது. பாதி திறந்த கண், கறுப்பாக, எங்கேயும் பார்க்காமல். பிறகு மறுபடி ஆரம்பித்தது. எனக்கு உடம்பு நடுங்க ஆரம்பித்தது, பல் கடகடவென்று அடித்துக்கொண்டது. "அது மருந்துக்கு அப்படித்தான், எல்லாருக்கும் வரும், கம்பளி போடுதோம்" என்றார் டாக்டர் ரெக்ஸ். நான் எதுவும் கேட்கவில்லை. மருந்துக்குத்தான் இருக்கும்.

தையல் போட்டுப் பக்கத்து அறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஜன்னல் வழியாக வேப்பமரமும், அதற்குக் கீழே நிற்கிற ஆட்டோக்களும், பத்துமணி வெயிலும் தெரிந்தது. நடுக்கம் நின்றிருந்தது. இடுப்புக்குக் கீழே இன்னும் யாரோ ஒருத்தியின் கால்கள். ஸ்டெல்லா குழந்தையை என் வலது கைக்குள் படுக்கவைத்துவிட்டுப் போனாள். மஞ்சள் தொப்பி நெற்றிவரை இறங்கியிருந்தது. துணியிலிருந்து ஒரு பாதம் மட்டும் வெளியே வந்துவிட்டது, என் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிது, ரேகையெல்லாம் சுருக்கம் சுருக்கமாக. உள்ளங்காலில் ஒரு விரலை வைத்தேன். சூடாக இருந்தது. அவர் கதவைத் திறந்து மெதுவாக உள்ளே வந்தார், சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார், "ஆவுடை" என்றார். "பேசாதீங்க" என்றேன். "என்ன ஆச்சு? சிஸ்டரக் கூப்பிடவா?" "கொஞ்சம் பேசாம இருங்க." அவர் நின்றார். இவருக்கு அது தெரியாது, யாருக்கும் சொன்னதில்லை. அன்றைக்கும் ஒரு நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து பாக்கீங்களா என்று கேட்டாள். முகத்தைப் பார்க்கவில்லை. காலை மட்டும் தொட்டேன். சூடாக இருந்தது. "சிஸ்டர், சூடா இருக்கு சிஸ்டர், நல்லாப் பாருங்க, சூடாத்தான் இருக்கு" என்றேன். அவள் என்னைவிடச் சின்னப் பெண். "அது உங்க சூடும்மா" என்றாள். "கொஞ்ச நேரத்துல ஆறிரும்." நான் விரலை எடுக்கவில்லை. என் விரலுக்குக் கீழேயே அது ஆறியது, கொஞ்சம் கொஞ்சமாக, டம்ளரில் வைத்த பால் ஆறுகிற மாதிரி, எந்த இடத்தில் சூடு முடிந்தது என்று சொல்ல முடியாமல். அதனால் சூடு என்பதை வைத்து எதுவும் முடிவுசெய்யக் கூடாது. அழுகையை வைத்தும் கூடாது. விரலை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். காத்திருந்தேன். கீழே ஒரு ஆட்டோ கிளம்பிப் போனது. அவர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார், அவருடைய வாய் கோணத் தொடங்கியிருந்தது, இருந்தாலும் பேசவில்லை. சூடு அப்படியே இருந்தது. என்னுடையது தீர்ந்து போயிருக்க வேண்டிய நேரம் கடந்துவிட்டது, அப்படியும் இருந்தது. சந்தேகமாக இருந்ததால் விரலைக் கொஞ்சம் நகர்த்தி, குதிகாலிலிருந்து விரல்வரைக்கும் மெல்ல ஓட்டிப் பார்த்தேன். குழந்தை முகத்தைச் சுளித்துக்கொண்டு காலை வெடுக்கென்று துணிக்குள் இழுத்துக்கொண்டது.

"ஏங்க" என்றேன். குரல் உடைந்து எங்கேயோ போனது. "ஏங்க, இவளுக்குக் கூசுதுங்க."